பதின்மூன்று நாள் தள்ளி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் போகுமில் அவர்களே! மறைந்தவருக்காகக் காலையில் பூசை வைத்த பங்குத்தந்தை அவர்களே! தீயோடு போராடும் தீரர்களான தீயணைப்புப் படைத் தோழர்களே! விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்து, எங்களுக்கெல்லாம் வயிறாரப் போட்டுவிட்டு, இப்போது கடைசி வரிசையில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! வோலாக் குடும்பத்துச் சொந்தங்களே! எண்பது ஆண்டுத் துயரத்தை ஒரு நாளும் தோளிலிருந்து இறக்கி வைக்காத பெரியோர்களே! ஸ்தாரா லிபினா ஊரின் உறவுகளே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்த ஃபெலிக்ஸ் தூஜியாக், உங்கள் அனைவருக்கும் தலைதாழ்ந்து வணக்கம் சொல்கிறேன்.

கைதட்டாதீர்கள். தலைதாழ்ந்து என்று நான் சொன்னது மேடை மரியாதைக்காக அல்ல. உண்மையிலேயே தலை நிமிரவில்லை.

இதோ என் வலப்பக்கம் வெள்ளையும் சிவப்புமாய்த் துணி போர்த்திய கல் நிற்கிறது. அந்தத் துணியின் கயிற்றை இழுக்கத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். கல்லில் என்ன பொறித்திருக்கிறது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். "சிக்முந்த் வோலாக். இரண்டு முறை தாயைப் பறிகொடுத்தவர். முதல் முறை, 1943-இல், கோடரியால். இரண்டாம் முறை, 2024-இல், மூடிய கதவால்." என்ன அழகான வரிகள்! என்ன அழுத்தமான வரிகள்! எழுதியவருக்கு என் பாராட்டு. ஆனால் அந்த வரிகளில் பாதி பொய். அந்தப் பொய்க்குத் தகப்பன் நான்.

சலசலப்பு கேட்கிறது. சலசலக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது கூச்சலாகும். அதற்கு முன்னால் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சிக்முந்த் யார்? உங்களுக்குத் தெரியாதா? தெரியும். என்றாலும் வெளியூரிலிருந்து வந்த சொந்தங்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் போலந்தின் எல்லையில் ஓடும் புக் ஆற்றுக்கு அந்தப்புறம், இன்று உக்ரைனாக இருக்கும் மண்ணில், ஒல்ஷினா என்று ஒரு போலிஷ் ஊர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். 1943 ஜூலை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலிருந்து வந்த உக்ரைன் ஆயுதக்காரர்கள் அந்த ஊரை ஒரே முற்பகலில் முடித்துவிட்டார்கள். ஆறு வயது சிக்முந்தை அவன் தாய் விக்டோரியா கம்புக் கதிர்களுக்குள் தள்ளிவிட்டாள். தள்ளியவள் திரும்பி வரவில்லை. இரண்டு வயதுத் தங்கையும் வரவில்லை. கதிர்களுக்கு நடுவே படுத்தபடி, அவர்களை எங்கே போட்டு மூடினார்கள் என்று அந்தப் பிள்ளை பார்த்தான்.

பார்த்த ஒரே ஆள் அவர்தான். ஊர் போய்விட்டது, வீடு போய்விட்டது, மேலே காடு வளர்ந்துவிட்டது. உயிரோடு இருந்தவர்களில் அந்தக் குழி எங்கே என்று அறிந்த ஒரே மனிதர் இந்த ஊரில் டிராக்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை கேட்டேன், படம் போட்டுக் காட்டுங்கள் அண்ணே என்று! அவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்.

"காகிதத்துல வராதுடா ஃபெலிக்ஸ். வாயாலயும் வராது. என்னை அங்க கொண்டுபோய் நிறுத்து. என் காலுக்குத் தெரியும்."

அவரை அங்கே கொண்டுபோக அனுமதி கிடைக்கவே நமக்கு ஒன்பது ஆண்டு ஆனது. ஏன் ஆனது? அவர்கள் மட்டுமா காரணம்? நம் காட்டிலும் ஒரு மேடு இருக்கிறது. 1944 மார்ச் மாதம் நம் ஆட்கள் கொன்ற நாற்பத்தொரு உக்ரைனியர் அங்கே கிடக்கிறார்கள். ஆமாம், நம் ஆட்கள். யாரோ "அது பழிக்குப் பழி" என்கிறீர்கள். அந்த நாற்பத்தொருவரில் பதினான்கு பேர் குழந்தைகள், ஐயா. தொட்டிலில் கிடந்தவன் யாருக்கு என்ன செய்தான், பழி வாங்க? அவர்கள் பெயர் பொறித்த கல்லை ஆறு ஆண்டுக்கு முன் எவனோ உடைத்தான். எவன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. "நீ முதலில் கல்லை நடு, பிறகு உன் ஆட்களின் குழியைத் தோண்ட விடுகிறேன்" என்றார்கள் அவர்கள். "நீ முதலில் தோண்ட விடு, பிறகு கல்லை நடுகிறேன்" என்றோம் நாம். செத்தவர்கள் மட்டும்தான் பொறுமையாக இருந்தார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஒரு பெண். ஒல்ஷினா இருந்த இடத்துக்கு அடுத்த ஊர் கிரினிச்கி. அந்த ஊர்த் தலைவி யாரினா. கணவர் போர்முனையில், இரண்டு பிள்ளைகள் வீட்டில், ஊரில் ஆண்கள் என்று பார்த்தால் கிழவர்களும் காயம்பட்டவர்களும். அந்த நிலைமையில், முன்பின் பார்த்திராத ஒரு போலந்துக் கிழவருக்காக அந்தப் பெண் மாவட்ட அலுவலகத்துக்கும் ராணுவ அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார். காடு இப்போது ராணுவக் காவலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. சீட்டை வாங்கினார். நாமும் நம் பங்குக்குப் புதுக் கல்லுக்குச் சொல்லிவிட்டோம். மே மாதம் யாரினா எனக்குப் போன் செய்தார்.

"வாத்தியாரய்யா, பேதுரு பவுல் திருநாளன்னிக்கு வாங்க. அன்னிக்குத்தான் எங்க ஊர் ஜனம் மொத்தமும் இருக்கும். எல்லாரும் சேந்து நின்னு கும்பிடுவோம். பெரியவரை பத்திரமா கூட்டிட்டு வாங்க."

"கட்டாயம் வரோம்மா" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. தேதி? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நமக்கு ஜூன் இருபத்தொன்பது. அவர்கள் பழைய நாள்காட்டிக்காரர்கள், எப்போதும் நமக்குப் பதின்மூன்று நாள் தள்ளித்தான் திருநாள் வரும். கிறிஸ்துமஸே ஜனவரி ஏழுதானே! எல்லையோரத்தில் பிறந்த சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அவர்கள் திருநாளை அவர்கள் முறைப்படியே மதிப்போம் என்று, பெருந்தன்மையோடு, பெருமிதத்தோடு, பதின்மூன்றைக் கூட்டினேன். ஜூலை பன்னிரண்டு என்று சுவரில் குறித்தேன். உங்களிடமும் சொன்னேன். உங்களில் ஒருவர்கூட மறுத்துச் சொல்லவில்லை.

என் மக்களே! அவர்கள் நாள்காட்டியை மாற்றிவிட்டார்கள்! முந்தின செப்டம்பரிலேயே மாற்றிவிட்டார்கள்! மாஸ்கோவின் நாளில் கும்பிடமாட்டோம், மற்ற உலகம் கும்பிடும் நாளிலேயே கும்பிடுவோம் என்று அவர்கள் திருச்சபை முடிவெடுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் நம்மோடு. பேதுரு பவுல் நம்மோடு. ஜூன் இருபத்தொன்பது. பத்திரிகையில் வந்தது. நானே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், "அடேயப்பா" என்று மனைவியிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் கணக்குப் போடும்போது கை பழைய கணக்கைத்தான் போட்டது.

எண்பது ஆண்டுக்கு முன் அவர்கள் எந்த வீட்டை எத்தனை மணிக்குக் கொளுத்தினார்கள் என்று நமக்குத் தெரியும். யார் கையில் என்ன ஆயுதம் இருந்தது என்று தெரியும். போன வருஷம் அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் தெரியாது. இறந்துபோன உக்ரைனியனைப் பற்றி நூறு பக்கம் எழுதுவோம். இருக்கிற உக்ரைனியன் எந்த நாளில் திருநாள் கொண்டாடுகிறான் என்று ஒரு வரி கேட்க மாட்டோம்.

ஜூன் இருபத்தொன்பது, சனிக்கிழமை. கிரினிச்கியில் அறுபது பேர் காத்து நின்றார்கள். ஊர் எல்லையிலிருந்து காட்டு விளிம்பு வரை, பெரியவர் காலில் முள் குத்தக் கூடாதென்று, அரிவாள் வைத்துப் புல்லை வெட்டியிருந்தார்கள். விருந்தாளியை வரவேற்கும் அவர்கள் வழக்கப்படி, பூவேலைத் துண்டின் மேல் ரொட்டியும் உப்பும் ஏந்தி ஒரு பெண் மூன்று மணி நேரம் சாலையைப் பார்த்து நின்றாள். கை வலித்தபோது இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள். மின்வெட்டில் தொலைபேசிக் கோபுரம் செத்துக் கிடந்த நாட்கள். அவர்களால் அழைக்க முடியவில்லை. அனுமதிச் சீட்டோடு வந்திருந்த அதிகாரி கடைசியில் சொன்னாராம்: "நான்தான் அப்பவே சொன்னேனே, அவனுங்க வர மாட்டானுங்கன்னு." அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? இதே முற்றத்தில், நம் பேதுரு பவுல் திருநாளுக்கு, இறைச்சி சுட்டுத் தின்றுகொண்டிருந்தோம்.

ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, நாம் புறப்பட்டோம். தீயணைப்பு வேனை ரிஷார்த் ஓட்டினார். எட்டுப் பேர். கொளுத்துகிற வெயிலில் சிக்முந்த் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மடியில் ஒரு ஜாடி, செர்ரிப் பழம் ஊறப்போட்டது. "அந்தப் பொண்ணுக்குக் குடுக்கணும். வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?" என்றார். வழியெல்லாம் பாடினார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிரினிச்கியில் ஒரு கதவும் திறக்கவில்லை, யாரினாவின் வீட்டுக் கதவுகூட. திரைச்சீலைகள் அசைந்தன; கதவுகள் அசையவில்லை. ஏன் தெரியுமா? அதற்கு முந்தின நாள் ஜூலை பதினொன்று, ஒல்ஷினா அழிந்த நாள். நம் நாடு முழுக்கக் கொடி பிடித்து அவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்லும் நாள். கூப்பிட்ட நாளில் வராமல், அதற்கு அடுத்த நாள் பார்த்து, தீயணைப்பு வேனில் கொடி ஒட்டிக்கொண்டு எட்டுப் பேர் போய் இறங்கினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நாமாக இருந்தால் என்ன நினைத்திருப்போம்?

காட்டு முனையில் சோதனைச் சாவடி. உக்ரைன் பாஷை தெரிந்தவன் நான் ஒருவன்தான். இறங்கிப் போனேன். காவலுக்கு நின்றவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், ஒரு கையில் இரண்டு விரல் இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"ஒங்க பேர்ல சீட்டு இருந்துச்சு ஐயா. பெரியவர் பேரும் இருக்கு, இந்தா பாருங்க, வோலாக். ஆனா அது போன மாசம் இருவத்தொம்பது. திருநாளன்னிக்கு. ஊரே ஒங்களுக்காகக் காத்துக்கெடந்துச்சே! பெரியவர் நடக்கப் புல்லெல்லாம் வெட்டி, ரொட்டியும் உப்பும் ஏந்தி மூணு மணி நேரம் நின்னாங்களே! ஏன் வரல?"

அந்த இடத்திலேயே, அந்தச் சாவடி நிழலிலேயே, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பி நடந்தேன். முப்பது தப்படி இருக்கும் வேனுக்கு. அந்த முப்பது தப்படியில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று சொல்லட்டுமா? ஒல்ஷினாவை நினைக்கவில்லை. விக்டோரியாவை நினைக்கவில்லை. வரலாற்று வாத்தியார் நாள் தெரியாமல் ஏமாந்தான் என்று கடைத்தெருவில் சிரிப்பார்களே என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவ்வளவு சின்ன ஆள் நான்.

வேன் கதவைத் திறந்ததும் ரிஷார்த் கேட்டார்: "என்ன வாத்தியாரே, என்ன சொல்றான்?"

"விட மாட்டேங்கிறான்" என்றேன்.

"சொன்னேன் பாத்தீங்களா! இவனுங்க திருந்தவே மாட்டானுங்க!" என்றார் ரிஷார்த்.

உட்காருங்கள் ரிஷார்த், உட்காருங்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அவன் விடவில்லைதான். ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

சிக்முந்த் ஜாடியை மடியில் வைத்தபடியே திரும்பி வந்தார். போகும்போது பாடியவர், வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரலாறு எப்படிப் பிறக்கிறது என்று முப்பத்து நான்கு ஆண்டு பாடம் எடுத்தேன், தோழர்களே. அது பிறந்ததைப் பார்த்தது இந்தக் கோடையில்தான். முதல் வாரம் கடைத்தெருவில் சொன்னார்கள்: "கதவத் தொறக்கல." இரண்டாம் வாரம்: "ஜன்னல் வழியாப் பாத்து சிரிச்சானுங்க." ஆகஸ்டு வந்தபோது: "வேன் மேல கல்லெறிஞ்சானுங்க." எங்கே அந்தக் கல்? வேன் இதோ நிற்கிறது, ஒரு கீறல் காட்டுங்கள் பார்க்கலாம்! காட்ட முடியாது. ஆனாலும் எல்லாரும் நம்பினீர்கள். வேனில் வந்த எட்டுப் பேரில் மூன்று பேர் அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்ததாகவே சொல்கிறார்கள்! ஆற்றுக்கு அந்தப்புறமும் இதே வேலைதான். "போலந்துக்காரன் வேணும்னே நம்மள நிக்க வெச்சான். அப்புறமா கேமராவோட வந்து படம் புடிச்சான்." எந்தக் கேமரா? சிக்முந்தின் செர்ரி ஜாடியா?

இரண்டு மாதம் போதும், ஐயா. உயிரோடு இருக்கிறவர்கள் கண்முன்னே, கையெட்டும் தூரத்தில், ஒரு கை தவறியதற்கே இத்தனை கிளை முளைக்கிறது என்றால், எண்பது ஆண்டில், ரத்தம் ஊற்றி வளர்த்த மரத்தில், எது வேர், எது கிளை, எது நாம் ஒட்டவைத்த காகிதப்பூ? யார் பிரித்துச் சொல்லப் போகிறார்கள்? ஒல்ஷினா பொய் என்று நான் சொல்லவில்லை. ஒல்ஷினா சத்தியம். விக்டோரியா சத்தியம். நம் காட்டு மேடும் சத்தியம். அந்தச் சத்தியத்தின் தோளிலேயே ஏறி நின்றுகொண்டுதான் நம் பொய்கள் உயரமாகத் தெரிகின்றன.

யாரோ "உனக்கு உக்ரைன்காரன் என்ன குடுத்தான்" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். இதை எதிர்பார்த்துத்தான் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இனி சொல்லப்போவது கடைசி. இதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

ஆகஸ்டுக் கடைசியில் சிக்முந்தை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு பிற்பகல் நான் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஃபெலிக்ஸ், நீதானே அவன்கிட்ட பேசுனே? என்னதான் சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல அண்ணே."

"எண்பத்தோரு வருஷம் ஆச்சே. இன்னுமா கோவம்?" பிறகு, "எங்கம்மா அவனுங்களுக்கு என்னடா பண்ணுச்சு?" என்றார்.

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அண்ணே, அவங்க காத்திருந்தாங்க. நீங்க நடக்கற வழியில புல்லு வெட்டி வெச்சிருந்தாங்க. நான்தான் தேதியத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். யாரினாவை அழைத்திருந்தால் இன்னொரு சீட்டு வாங்கியிருப்பார். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு மூன்று வாரம் உயிரோடு இருந்தார் சிக்முந்த். மூன்று வாரம்! நாற்காலியில் வைத்தாவது தூக்கிப் போயிருக்கலாம். அவர் காலுக்குத் தெரிந்திருக்கும்.

தலையணையைச் சரி செய்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் பத்தொன்பது அவர் போய்விட்டார். குழி எங்கே இருக்கிறது என்று இனி இந்த பூமியில் ஒருவருக்கும் தெரியாது. விக்டோரியாவும் அந்த இரண்டு வயதுக் குழந்தையும் இனி அந்தக் காட்டிலேதான். அவர்களை அங்கே போட்டவர்கள் 1943-இன் கொலைகாரர்கள். அவர்களை அங்கேயே விட்டவன் நான்.

முந்தாநாள் யாரினாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. இப்படிச் சொன்னார்.

"நான் நம்பறேன் வாத்தியாரய்யா. ஆனா இங்க வேற யாரும் நம்ப மாட்டாங்க. நான் ஒங்களுக்குப் பரிஞ்சு பேசறேன்னுதான் சொல்லுவாங்க. அடுத்த தடவ யாருக்காவது சீட்டு கேக்கணும்னா, நான் கேக்க முடியாது. என்னை விட்டுருங்க."

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? அவர்களுடைய நாற்பத்தொரு பெயரும் பொறித்த புதுக் கல் தயாராகி வந்துவிட்டது. இதோ, இந்தத் தீயணைப்பு நிலையத்துக் கொட்டகைக்குள், பழைய ரப்பர் குழாய்களுக்கு அடியில் கிடக்கிறது. "கதவடைச்சவனுக்கு எதுக்குக் கல்லு?" என்று ஜூலையிலேயே ஊராட்சி தீர்மானம் போட்டுவிட்டது. எல்லாரும் கை தூக்கினீர்கள். நானும் தூக்கினேன்.

நம்பிக்கையாக ஏதாவது சொல்லி முடிப்பதுதான் மேடை மரபு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன். இன்னொரு சிக்முந்த் நமக்கு இல்லை. இன்னொரு யாரினா அவர்களுக்கு இனி வரமாட்டார். நான் இன்று பேசியதால் ஒன்றும் மாறப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நாளைக்கே கடைத்தெருவில் "கிழவனுக்கு மூளை கலங்கிடுச்சு" என்பீர்கள். என்னைவிட அந்தக் கல்லுக்கு ஆயுள் அதிகம். நான் போன பிறகும் அது பேசும்.

அதனால் கயிற்றை நான் இழுக்க மாட்டேன். தலைவர் அவர்களே, நீங்கள் இழுக்கலாம். ரிஷார்த் இழுக்கலாம். இழுக்கிறவர் தெரிந்தே இழுக்கட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன்.

குறுக்கிடாமல் கேட்டவர்களுக்கு நன்றி. குறுக்கிட்டும் கடைசிவரை எழுந்து போகாதவர்களுக்கு அதைவிட நன்றி. வோலாக் குடும்பத்தாரே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை, அதனால் கேட்கவில்லை. உங்களுக்குச் சேரவேண்டிய ஒரு சேதி மட்டும் என்னிடம் இருக்கிறது. உங்கள் தகப்பனாரை அந்த ஊர் தடுக்கவில்லை. ரொட்டியும் உப்பும் ஏந்தி, மூன்று மணி நேரம், அவருக்காகச் சாலையில் காத்து நின்றது. அவர் அதைத் தெரிந்துகொள்ளாமலே செத்தார். உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வணக்கம்.